ஓட்டுக்குக் கிடைத்தது ஒரு சொல்

1943 டிசம்பர் 1, பிற்பகல். ஜெர்மனிக்கு எதிராகச் சேர்ந்து போரிட்ட மூன்று தலைவர்களின் தெஹ்ரான் மாநாட்டுக்குக் கடைசி நாள். சோவியத் தூதரக வளாகத்தில் தான் தங்கியிருந்த அறைக்கு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஸ்டாலினைத் தனியாக அழைக்கிறார். சர்ச்சிலுக்கு அழைப்பில்லை. போலந்தைப் பற்றிப் பேச வேண்டும், அதுவும் உள்நாட்டு அரசியல் தொடர்பாகப் பேச வேண்டும் என்கிறார். அடுத்த ஆண்டு தேர்தல் வருகிறது. போர் முடியாவிட்டால் மீண்டும் நிற்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் போலந்து வம்சாவளியினர் 60, 70 லட்சம் பேர் இருக்கிறார்கள். நடைமுறை தெரிந்த மனிதன் என்ற முறையில் அவர்களுடைய ஓட்டுகளை இழக்க விருப்பமில்லை.

அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். போலந்தின் கிழக்கு எல்லை மேற்கே நகர்வதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, மேற்கு எல்லையை ஓடர் நதிவரை தள்ளிக்கொள்ளலாம். ஆனால் இப்போதைக்கு இந்த ஏற்பாட்டில் வெளிப்படையாகப் பங்கெடுக்க முடியாது. விளக்கம் கேட்டபின் இப்போது புரிகிறது என்று ஸ்டாலின் பதில் சொன்னார். மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருந்த சார்லஸ் போலன் எழுதிய குறிப்புகளில் இத்தனையும் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையே பிற்பாடு அச்சிட்டு வெளியிட்ட ஆவணம் அது.

போலந்து அப்போது எதிரி நாடு இல்லை. நேச நாடு. அதன் அரசு லண்டனில் அடைக்கலமாகி இயங்கிக்கொண்டிருந்தது. அதன் வீரர்கள் ஆறு மாதத்தில் இத்தாலியின் மான்டே காசினோ மலையில் செத்து விழப்போகிறார்கள். அவர்களில் பலருடைய சொந்த ஊர், அந்த அறையில் கைமாறிய அதே கிழக்குப் பகுதியில்தான் இருந்தது.

அடுத்த காட்சி 1944 அக்டோபர் 11. தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அமெரிக்கப் போலந்து மக்களின் பிரதிநிதிகள் வெள்ளை மாளிகைக்கு வருகிறார்கள். ஜனாதிபதியோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பின்னால் ஒரு பெரிய வரைபடம். போருக்கு முந்தைய எல்லைகளோடு, கிழக்கிலுள்ள லுவூவ் நகரம் உள்ளேயே இருக்கும் முழுப் போலந்து. யாரும் எந்த வாக்குறுதியும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. வரைபடமே சொல்லிவிட்டது. இரண்டு நாள் கழித்து மாஸ்கோவில், போலந்துப் பிரதமர் மிக்கோவாய்ச்சிக்கின் முகத்துக்கு நேராகச் சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோட்டோவ் விஷயத்தைப் போட்டு உடைத்தார்: இந்த எல்லைக்கு ரூஸ்வெல்ட் தெஹ்ரானிலேயே சம்மதித்துவிட்டார் என்று. அமெரிக்க வாக்காளருக்கு அது தெரியாது. நவம்பரில் ரூஸ்வெல்ட் 432-க்கு 99 என்ற தேர்வாளர் வாக்குக் கணக்கில் ஜெயித்தார்.

முதல்முறை இந்தக் குறிப்புகளைப் படித்தபோது நான் பாதியில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதுவரை எனக்கு வேறு ஒரு நம்பிக்கை இருந்தது. வெளியுறவு என்பது நிதானமாக யோசிக்கிறவர்களின் வேலை, ஓட்டு வங்கிகள் உள்ளே புகுந்து அதைக் கெடுக்கின்றன, நேச நாடுகளோடு நமக்குள்ள உறவைக்கூட ஒரு தொகுதியின் கணக்குக்காக உடைத்துவிடுகின்றன என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். தெஹ்ரானில் நடந்தது அதற்கு நேர் எதிர். 60 லட்சம் ஓட்டு கொள்கையைக் கடுகளவும் அசைக்கவில்லை. அந்த ஓட்டு சாதித்தது ஒன்றுதான்: கொள்கையை மறைத்து வைக்க வைத்தது. அதன்பிறகு ஒவ்வொரு உதாரணத்தையும் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஓட்டுக்கு என்ன கிடைத்தது? கொள்கையா, சொல்லா?

ஆர்மீனியர்களின் கதையில் இந்தக் கேள்வி ஒரே ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. 1915-ல் ஒட்டோமான் ஆட்சியில் தம் மக்களுக்கு நடந்ததை அமெரிக்கா 'இனப்படுகொலை' என்று அழைக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. துருக்கி, நேட்டோ ராணுவக் கூட்டணியில் அமெரிக்காவின் கூட்டாளி. அந்தச் சொல்லை உச்சரித்தால் உறவு கெடும் என்று ஒவ்வொரு அரசும் பயந்தது. கலிபோர்னியாவின் கிளென்டேல் பகுதியில் ஆர்மீனிய வம்சாவளியினர் நெருக்கமாக வாழ்கிறார்கள். 2000-ம் ஆண்டு அந்தத் தொகுதியில் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஜேம்ஸ் ரோகன் தோற்றுவிடும் நிலையில் இருந்தார். அவரைக் காப்பாற்ற, இனப்படுகொலைத் தீர்மானத்தை அவைக்குக் கொண்டுவரச் சபாநாயகர் டெனிஸ் ஹாஸ்டர்ட் முன்வந்தார். எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஜனாதிபதி கிளின்டன், அமெரிக்கர்களின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி வேண்டாம் என்றார். வாக்கெடுப்பு நடக்கவிருந்த நேரத்தில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. ரோகன் தோற்றார். ஜெயித்தவர் ஆடம் ஷிஃப்.

ஷிஃப்பும் அதே கோரிக்கையைச் சுமந்தார். 2007 அக்டோபரில் வெளியுறவுக் குழு 27-க்கு 21 என்று அதை நிறைவேற்றியது. துருக்கி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஈராக்குக்குப் போகும் அமெரிக்க விமானச் சரக்கில் 70 சதவீதம் துருக்கி வழியாகத்தான் போகிறது என்று பாதுகாப்புச் செயலர் கேட்ஸ் எச்சரித்தார். அவ்வளவுதான், முழு அவைக்கு வராமலேயே அது முடங்கிப் போனது. அடுத்த ஆண்டு வேட்பாளராக இருந்த ஒபாமா, ஜனாதிபதியானால் அந்தச் சொல்லைச் சொல்வேன் என்றார். ஆர்மீனியர்களின் நினைவு நாளான ஏப்ரல் 24 எட்டு முறை வந்து போனது. ஒரு தடவைகூட ஜனாதிபதியாக அவர் அதைச் சொல்லவில்லை.

அப்புறம் 2019 அக்டோபரில் துருக்கிப் படை வடக்குச் சிரியாவுக்குள் நுழைந்து, அமெரிக்காவோடு சேர்ந்து போரிட்ட குர்துகளைத் தாக்கியது. வாஷிங்டனில் இரண்டு கட்சியிலும் கோபம். அதே மாதம் 29-ம் தேதி, துருக்கியின் குடியரசு நாளன்றே, பிரதிநிதிகள் அவை 405-க்கு 11 என்று தீர்மானத்தை நிறைவேற்றியது. டிசம்பரில் செனட் ஒருமனதாக ஏற்றது. 2021 ஏப்ரல் 24 அன்று பைடன் அந்தச் சொல்லைச் சொன்னார். கிளென்டேலில் ஓட்டுகள் 2000-த்திலும் இருந்தன, 2007-லும் இருந்தன. வாஷிங்டனுக்குத் துருக்கியின்மேல் கோபம் வந்த பிறகுதான் அவற்றுக்குக் கதவு திறந்தது.

சரி, சொல் கிடைத்தது. 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் தாக்கியபோது, அந்த நாட்டுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ-கராபாக்கிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களுக்குள் வீடுவாசலைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். யாரும் தடுக்கவில்லை. அமெரிக்க ஆர்மீனியர்கள் வெறும் சொல்லை மட்டும் கேட்டவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1992-லேயே அஜர்பைஜானுக்கு அரசு உதவி தரக் கூடாது என்று 907-ம் பிரிவாகச் சட்டத்திலேயே எழுத வைத்தார்கள். ஒரு சிறு சமூகத்துக்கு அது பெரிய சாதனை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, ஜனாதிபதி விரும்பினால் அந்தத் தடையை விலக்கி வைக்கலாம் என்று ஓர் இடைவழி சேர்க்கப்பட்டது. 2002 முதல் வந்த ஜனாதிபதிகள் அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். சட்டம் புத்தகத்தில் இருந்தது, உதவி போய்க்கொண்டிருந்தது.

இதைப் பார்த்துவிட்டு, 'அப்படியானால் வாக்காளர் குழுக்களுக்குச் சக்தியே இல்லையா' என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையில் இல்லை. வெளிநாட்டு விவகாரம் எதுவாக இருந்தாலும் பெரும்பாலான வாக்காளர்கள் அதை வைத்து ஓட்டுப் போடுவதில்லை. வேலை, விலைவாசி, பள்ளிக்கூடம், மருத்துவம் இவைதான் அவர்களுக்கு முன்னால் நிற்கும். ஒரு சிறு கூட்டம் மட்டும் இந்த ஒன்றுக்காகவே கட்சி மாறத் தயாராக இருக்கும். எதிர்த்தரப்பில் அதே அளவு சூட்டோடு யாரும் இருக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் சாய்ந்தால் ஓட்டு, சாயாவிட்டால் நஷ்டம், அந்தப் பக்கம் பூஜ்யம். எந்த அரசியல்வாதியும் மனக்கணக்காகவே போட்டுவிடுவார். மற்றவர்களின் மௌனம்தான் அந்தக் கூட்டத்தின் பலம்.

அந்தப் பலம் நிஜமான கொள்கையாக மாறிய சந்தர்ப்பமும் உண்டு. 1974 ஜூலை 15 அன்று கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில், கிரேக்கரும் துருக்கியரும் வாழும் சைப்ரஸ் தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு. ஐந்து நாளில் துருக்கிப் படை தீவில் இறங்கியது. ஆகஸ்ட் 14-ல் இரண்டாவது தாக்குதல், தீவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது. துருக்கி வீரர்கள் கையில் இருந்தவை அமெரிக்க ஆயுதங்கள். கிரேக்கமும் துருக்கியும் இரண்டுமே நேட்டோ உறுப்பினர்கள். அமெரிக்கக் கிரேக்கர்கள் தேவாலயம் தேவாலயமாகக் கூடினார்கள், தந்திகள் குவிந்தன. கிரேக்கத்திலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளான ஜான் பிரேடமஸும் பால் சார்பேன்ஸும் பிரதிநிதிகள் அவையில் முன்னால் நின்றார்கள். துருக்கிக்கு ஆயுதத்தை நிறுத்தக் காங்கிரஸ் வாக்களித்தது. ஜனாதிபதி ஃபோர்டு அக்டோபரில் இரண்டு முறை ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்திப் பார்த்தார். வெளியுறவுச் செயலர் கிஸ்ஸிஞ்சர் கெஞ்சாத குறை. 1975 பிப்ரவரி 5-ல் தடை அமலுக்கு வந்தது.

இந்த நிகழ்ச்சியைக் 'கிரேக்க லாபி'யின் வெற்றி என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது அநியாயம் என்று நினைக்கிறேன். செனட்டில் இதற்காக அதிகம் வாதாடியவர் மிசௌரியின் தாமஸ் ஈகிள்டன், கிரேக்கர் இல்லை. அவருடைய வாதம் எளிமையானது: அமெரிக்கா கொடுக்கும் ஆயுதத்தைத் தற்காப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, துருக்கி மீறியிருக்கிறது, சட்டத்தை அமல்படுத்துங்கள். இரண்டாவது தாக்குதலுக்கு ஐந்து நாள் முன்னால்தான் வாட்டர்கேட் ஊழலில் சிக்கி நிக்ஸன் பதவி விலகியிருந்தார். வெள்ளை மாளிகை சட்டத்துக்கு மேலே போகக் கூடாது என்ற மனநிலையில் காங்கிரஸ் இருந்தது. அந்த நேரத்தில் அந்த ஓட்டு, அந்தச் சட்டம், அந்தக் கோபம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. வேறு ஏதோ ஒரு வருடமாக இருந்திருந்தால் ஃபோர்டின் ரத்து அதிகாரமே போதுமாக இருந்திருக்கும்.

விளைவு? 1975 ஜூலையில் தடையை நீக்க மறுத்து அவை வாக்களித்ததும், துருக்கி தன் மண்ணிலிருந்த அமெரிக்கத் தளங்களைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டது. சோவியத் ஏவுகணைச் சோதனைகளை ஒட்டுக்கேட்ட நிலையங்கள் நின்றுபோயின. 1976 தேர்தலில் கிரேக்க வாக்காளர்களுக்கு ஆதரவாகப் பேசிய கார்ட்டர், ஜனாதிபதியான பிறகு தடையை நீக்கப் பாடுபட்டு 1978-ல் நீக்கியும் விட்டார். நேச நாட்டுக்கு வலித்தது, அமெரிக்காவுக்கும் வலித்தது. சைப்ரஸிலிருந்து துருக்கிப் படை வெளியேறவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் போரில் மக்கள் விட்டு ஓடிய வரோஷாவின் கடற்கரை ஹோட்டல்கள் ஜன்னல் இல்லாத எலும்புக்கூடுகளாக நிற்கின்றன.

ஜனாதிபதி ட்ரூமனின் இஸ்ரேல் அங்கீகாரத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'ஓட்டுக்காகச் செய்தார்' என்ற குற்றச்சாட்டுக்கு அதுதான் தாய். 1948 மே 12 அன்று நடந்த கூட்டத்தில் வெளியுறவுச் செயலர் மார்ஷல், உடனே அங்கீகரிக்கலாம் என்ற ஆலோசகர் கிளார்க் கிளிஃபர்டின் யோசனையை ஏற்றால் நவம்பரில் உங்களுக்கு எதிராக ஓட்டுப் போடுவேன் என்று ஜனாதிபதியின் முகத்துக்கு நேரே சொன்னார். மே 14 மாலை, இஸ்ரேல் பிறந்த 11-வது நிமிடம் அங்கீகாரம் வெளியானது. தட்டச்சில் 'யூத நாடு' என்று இருந்ததை அவசரமாக அடித்து 'இஸ்ரேல் நாடு' என்று கையால் எழுதிய தாள் இன்னும் இருக்கிறது. நவம்பரில், யூத வாக்காளர் மிகுதியாக இருந்த நியூயார்க்கின் 47 தேர்வாளர் வாக்குகளையும் ட்ரூமன் இழந்தார். ஜெயித்தது அது இல்லாமல்தான்.

ஓட்டுக்காக எதிரியை அடித்தால், அடி பல நேரம் நண்பன்மேல் விழும். 1996 பிப்ரவரியில் கியூபா இரண்டு சிறு விமானங்களைச் சுட்டு வீழ்த்தி நால்வர் இறந்தார்கள். தேர்தல் ஆண்டு, கியூபாவிலிருந்து ஓடி வந்தவர்கள் நிறைந்த ஃப்ளோரிடா முக்கியம். மூன்று வாரத்துக்குள், கியூபாமீதான பொருளாதாரத் தடையை இறுக்கும் ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டார். அதன் முதல் அடி வாங்கியவர்களில் கனடாவின் ஷெரிட் சுரங்க நிறுவன இயக்குநர்களும் உண்டு. கியூபா பறிமுதல் செய்த அமெரிக்கச் சொத்தில் தொழில் செய்த குற்றத்துக்காக, அவர்களும் மனைவி மக்களும் அமெரிக்காவுக்குள் வரக் கூடாது என்று கடிதம் போனது. கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் எதிர்ச்சட்டம் போட்டன. இப்படிப்பட்ட நிறுவனங்கள்மேல் வழக்குப் போட அனுமதிக்கும் பகுதியை மட்டும் கிளின்டன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தள்ளிவைத்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் 2019 வரை தள்ளிவைத்தார்கள். மயாமிக்குச் சட்டம், நேச நாடுகளுக்கு ஒத்திவைப்பு.

இதுவரை சொன்னதெல்லாம் குடியேறியவர்கள், அவர்களின் பிள்ளைகள். 'வாக்காளர் குழு' என்றதும் நம் கண்ணுக்கு அவர்கள்தான் தெரிகிறார்கள். அவர்களை விரும்பாதவர்களும் ஒரு வாக்காளர் குழுதான் என்பதை 2017-ல் நெதர்லாந்து காட்டியது. துருக்கியில் ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்ட ஏப்ரல் 16-ல் பொதுவாக்கெடுப்பு. ஐரோப்பாவில் வாழும் துருக்கியர்களுக்கும் ஓட்டு உண்டு என்பதால் ஜனாதிபதி எர்டோவானின் அமைச்சர்கள் பிரச்சாரத்துக்குக் கிளம்பினார்கள். நெதர்லாந்தில் மார்ச் 15-ல் தேர்தல். குடியேற்றத்தை எதிர்க்கும் வில்டர்ஸ் கடும் போட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மார்ச் 11 அன்று துருக்கி வெளியுறவு அமைச்சரின் விமானத்துக்கு இறங்க அனுமதி மறுக்கப்பட்டது. அன்றிரவு ஜெர்மனியிலிருந்து காரில் வந்த இன்னொரு அமைச்சர் ஃபாத்மா பெதுல் சயான் கயாவை, ரோட்டர்டாமில் தன் நாட்டுத் துணைத் தூதரகத்தின் வாசலுக்குப் போக விடாமல் போலீஸ் நிறுத்தியது. கொடிகளோடு கூடியிருந்த கூட்டத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சினார்கள். நள்ளிரவுக்குப் பிறகு அமைச்சரை ஜெர்மன் எல்லைவரை கொண்டுபோய் விட்டார்கள். நெதர்லாந்தை நாஜிகளின் மிச்சம் என்று எர்டோவான் திட்டினார். நான்கு நாளில் நெதர்லாந்தின் அப்போதைய பிரதமர் ருட்டேவின் கட்சி 33 இடங்களோடு முதலாவதாக வந்தது. அடுத்த மாதம் எர்டோவானும் ஜெயித்தார். இரண்டு நேட்டோ நாடுகள், இரண்டு தலைவர்களுக்கும் சண்டையால் லாபம். உறவு சீராக அடுத்த ஆண்டு ஜூலை ஆயிற்று. அந்த இரவில் ரோட்டர்டாம் தெருவில் நின்ற துருக்கிய வம்சாவளியினர் மட்டும் மறுநாள் காலை அதே ஊரில், அதே அண்டை வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. அவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

தமிழில் எழுதிவிட்டு டொரண்டோவைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2009 மே 10, ஈழப் போரின் கடைசி நாட்கள். கனடாத் தமிழர்கள் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கார்டினர் விரைவுச் சாலையில் ஏறி உட்கார்ந்தார்கள். பல மணிநேரம் போக்குவரத்து நின்றது. அவர்கள் குடிமக்கள், வாக்காளர்கள், சில தொகுதிகளில் முடிவை மாற்றும் அளவுக்கு இருப்பவர்கள். போர் நிற்கவில்லை, அடுத்த வாரமே முடிந்தும் போனது. 13 ஆண்டு கழித்து 2022 மே 18 அன்று கனடா நாடாளுமன்றம் அந்த நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஒருமனதாக ஏற்றது. இலங்கை அரசு கண்டித்தது. அந்தத் தீர்மானம் வந்த இரவு, சாலையில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை பேர் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். தாமதமாக வந்தாலும் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. செத்தவர்களின் பெயரை ஒரு நாடாளுமன்றம் உச்சரிப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 2009 மே 10 அன்று அவர்கள் கேட்டது சொல் இல்லை.

இப்படிக் கேட்பவர்களை 'இரண்டு நாட்டு விசுவாசிகள்' என்று சந்தேகப்படுவதை நான் விட்டுவிட்டேன். சித்தப்பா செத்துக்கொண்டிருக்கும்போது தன் நாட்டு எம்பியிடம் போய் நிற்பது துரோகம் இல்லை, குடிமகன் செய்ய வேண்டிய வேலை. ஆர்மீனியா விஷயத்தில் கிளென்டேலின் வாக்காளர்கள்தான் சரி, வெளியுறவுத் துறையின் நிபுணர்கள்தான் பல பத்தாண்டு தவறு. அதே சமயம், ஓட்டு உள்ளவரின் கோபத்துக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் அங்கே ஓட்டு இல்லாத யாரோ ஒருவர் என்பதையும் மறக்க முடியவில்லை. தடையால் கஷ்டப்படுகிற கியூபாவின் பாட்டிக்கு ஃப்ளோரிடாவில் ஓட்டு இல்லை. இரண்டையும் ஒரு தராசில் வைத்து என்னால் சமப்படுத்த முடியாது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கோபம் ஒன்றே ஒன்று: கேட்பவர்கள்மேல் இல்லை, கொடுக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் பின்னால் வரைபடம் மாட்டி வைத்தவர்மேல்.

போலந்துக் கதை அந்த வரைபடத்தோடு முடியவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1996 அக்டோபர் 22 அன்று, தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, போலந்து வம்சாவளியினர் நிறைந்த டெட்ராய்ட் வட்டாரத்தில் நின்று கிளின்டன் நேட்டோ விரிவாக்கத்துக்கு 1999 என்று காலக்கெடு வைத்தார். ஓட்டும் அரசின் விருப்பமும் அந்த முறை ஒரே திசையில் இருந்தன. 1998 ஏப்ரலில் செனட் 80-க்கு 19 என்று ஏற்றது. 1999 மார்ச் 12 அன்று மிசௌரியில், ட்ரூமன் நூலகத்தில், போலந்து, ஹங்கேரி, செக் நாட்டு அமைச்சர்கள் நேட்டோவில் சேரும் பத்திரங்களை வெளியுறவுச் செயலர் மேடலின் ஆல்பிரைட்டிடம் கொடுத்தார்கள். அவர் பிராகில் பிறந்து, சிறுவயதில் அகதியாக ஓடி வந்தவர். வாங்கிய பத்திரங்களைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். போலந்தின் கிழக்கு எல்லை அன்றும் தெஹ்ரானில் பேசிய எல்லைக்கோட்டை ஒட்டியே இருந்தது. லுவூவ் அதற்கு வெளியே, உக்ரைனில் இருந்தது.